நடை வேகத்தில் ஒரு பழைய கார்

1. டிராக்டருக்குப் பின்னால் வந்தது

அந்தக் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு டிராக்டரின் பின்னால் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்தது. ரகுநாதன் சார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் பதர். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் பல வருடங்களாக நின்றிருந்த வண்டி அது. இறங்கியதும் அவர் முதலில் சொன்னது, "பானெட்டை மெதுவா தொறங்க. உள்ள எலி குட்டி போட்டிருக்கு" என்பதுதான்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து நீடாமங்கலத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. முதலாளி பக்கிரிசாமி அண்ணனுக்கு லாரியும் டிராக்டரும்தான் தொழில். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அமுதா, இதை நீ பாரு. பழைய வண்டி. அவசரமில்லாத வேலை. கையில கிரீஸ் அதிகம் படாது. பொம்பளப் புள்ளைக்கு ஏத்தது."

வண்டி பழையது என்பதைத் தவிர அவர் சொன்னது எதுவும் உண்மையாகவில்லை.

இப்போது அதே பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண்கள் சிலர், வேலை எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பொதுவாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் இந்த ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன்.

2. தொல்லைகள்

வேலை தொடங்கும் முன் வண்டியின் குறைகளை வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். இந்த வண்டியில் வரிசை நீண்டுகொண்டே போனது. முக்கியமானவை மட்டும்:

அ. பாகம் கிடைக்காது. கிடைத்தால் பொருந்தாது. கடைசல் பட்டறையில் கொடுத்துப் பொருந்த வைத்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் பாகம் 'நானும் பழசுதான்' என்று உடையும்.

ஆ. ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய யாரும் முதல் நாளில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். முதலாளி மிதித்தார். ஒர்க்‌ஷாப்பின் தகரக் கதவில் அதன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

இ. கொட்டகையில் நெல்லோடு யூரியா மூட்டையும் அடுக்கியிருக்கிறார்கள். யூரியா ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வண்டியின் தரைத்தகடு விரலால் குத்தினால் உதிர்ந்தது.

ஈ. எஞ்சினைக் குளிர வைக்கும் முறை. தண்ணீரைச் சுற்றிவிட இந்தக் காரில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக ரேடியேட்டரின் மேல்பக்கம் ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். காற்றை இழுக்க ஃபேனும் கிடையாது. வண்டி ஓடும்போது முன்னால் மோதுகிற காற்றுதான் எல்லாம். ஓடினால் குளிரும். நின்றால் கொதிக்கும்.

இந்த 'ஈ' என்ற எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் உழைத்தால் தீர்ந்துவிடும் தொல்லைகள்.

சந்தோஷம் என்று ஒன்றும் உண்டு. எல்லாம் முடிந்து, விடியற்காலை கோரையாற்றுக் கரையில் முதல் தடவையாக அதை ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. மேல்கூரையை மடித்துப் போட்டிருந்தோம். முகத்தில் நேராகக் காற்று. ஒவ்வொரு கியரையும் கேட்டு, காத்திருந்து, இரண்டு தடவை கிளட்ச் மிதித்துத்தான் போட முடியும். எஞ்சின் என்ன செய்கிறது என்பதைக் காலும் கையும் காதும் தனித்தனியே சொல்லும். புதிய வண்டிகள் இதையெல்லாம் நம்மிடம் சொல்வதில்லை. பக்கத்தில் ரகுநாதன் சார் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து இறங்கும்போது, "எலியெல்லாம் எங்க விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

3. கலியபெருமாள் கேட்டது

ரகுநாதன் சாரின் குடும்பத்தை அந்தப் பக்கத்தில் 'பண்ணை' என்பார்கள். அவர் அப்பா காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவர்களுடைய நிலம். உச்சவரம்புச் சட்டத்தில் கொஞ்சம் போயிற்று, குத்தகைக்காரர்களோடு நடந்த வழக்கில் கொஞ்சம் போயிற்று, பிள்ளைகள் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் மீதி போயிற்று. பெரிய தெருவில் ஒரு வீடும் இந்தக் காரும்தான் அவரிடம் மிஞ்சியவை. டயர் வாங்குவதற்காகக் காரை முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வரை போய் வந்தது. தங்கராசு என்ற டிரைவர் ஓட்டினார். ஊர்வலத்துக்கு முதல் நாள் வண்டியைப் பார்த்து அனுப்புவது என் வேலை.

அந்த வருடம் சித்திரையில் கலியபெருமாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ரகுநாதன் சாரின் ஊரில் காலனியில் இருப்பவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். மகன் சேகர் தபால் நிலையத்தில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். அவனுக்குக் கல்யாணம்.

"அந்தக் காரு வேணும்" என்றார். "வைகாசி முகூர்த்தத்துக்கு. காலனியில ஏறி, பெரிய தெரு வழியா மாரியம்மன் கோயிலுக்குப் போகணும். பையன் அதுல உக்காந்து போகணும்."

முதலாளி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பெரிய தெரு வழியாகக் காலனிக் கல்யாணம் ஒன்றுகூட அதுவரை போனதில்லை. வயல் ரோட்டில் சுற்றித்தான் கோயிலுக்குப் போவார்கள்.

"பண்ணை குடுத்துட்டாரா?" என்றார் முதலாளி.

"கேட்டேன். 'காரைக் கேக்குறியா, தெருவைக் கேக்குறியா'ன்னாரு. 'கார் உங்களது, தெரு பஞ்சாயத்தோடது. உங்ககிட்டக் காரைத்தான் கேக்குறேன்'னேன். சரின்னுட்டாரு."

பிறகு ரகுநாதன் சாரிடமே இதைக் கேட்டேன். பெரிய தெருக்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்து பேசியிருந்தார்கள். அவர் அலுப்போடு சொன்னார்: "நிலம் போனப்ப ஒருத்தன் வரலம்மா. கார் போகுதுன்னதும் கூடம் நிறைய ஆளு. காப்பி போட்டே எங்க வீட்டுல ஓய்ஞ்சு போயிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"வாக்குக் குடுத்துட்டேன்னேன். வேற என்ன சொல்றது? கலியபெருமாளு யாருன்னு தெரியுமா உனக்கு? அறுவடைக் கூலித் தகராறுல இந்தக் காருக்கு முன்னாடி ரோட்டுல உக்காந்தவன். எங்கப்பா உள்ள, நான் பக்கத்துல. எஞ்சின் கொதிச்சுப் பொகையுது. அவன் எந்திரிக்கல. இப்ப அவனே வந்து ஏறணுங்குறான். அவங்க கல்யாணம் நல்லா நடக்கட்டும். சூட்டுல எஞ்சினோட ஹெட்டு வெடிக்காம இருந்தா எனக்குச் சரி. இந்த வண்டிக்கு இன்னொரு ஹெட்டு நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார்.

4. ஒப்பந்தம்

விஷயம் தாலுகா அலுவலகத்துக்குப் போனது. தாசில்தார் முன்னிலையில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு தரப்பிலும் ஆளுங்கட்சிக்காரர் உண்டு, எதிர்க்கட்சிக்காரர் உண்டு. அதனால் எந்தக் கட்சியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டது இதுதான்: ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போகலாம். மேளம், வெடி கூடாது. வண்டி தெருவில் எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. மாப்பிள்ளை இறங்கக் கூடாது.

கூட்டம் முடிந்து கலியபெருமாள் நேராக என்னிடம் வந்தார். கூடவே அவருடைய தங்கை அஞ்சலை. மாப்பிள்ளைக்கு அத்தை, கல்யாண வேலை எல்லாம் அவர் கையில்தான். சப்‌-இன்ஸ்பெக்டரும் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர்தான் முதலில் பேசினார்.

"இங்க பாரும்மா. வண்டி நிக்காம போயிட்டா எனக்கு ஒரு வேலையும் இல்ல. நின்னுதுன்னா, பேச்சை மீறிட்டாங்கன்னு அவங்க இறங்குவாங்க. இறங்குனா நான் யாரைப் புடிக்கிறதுன்னு எனக்கே தெரியாது. நிக்குமா, நிக்காதா?"

"வேகமா போனா நிக்காது சார்."

"அது ஆவாது" என்றார் கலியபெருமாள். "வேகமா போனா ஓடிப் போன மாதிரி இருக்கும். பொம்பளைங்க வரிசைத் தட்டு எடுத்துக்கிட்டுக் கூட வர்றாங்க. நடந்துதான் போகணும். நடந்து, நிக்காம."

அதாவது ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும் என்கிற காரை ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது நடந்து போக வேண்டும். கொதித்து நின்றால் ஒரு கல்யாணம் அடிதடியில் முடியும். இதுதான் என்னிடம் வந்த வேலை. ஜாப் கார்டில் முதலாளி 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினார்.

5. மூன்று நடை

ரேடியேட்டரைக் கழற்றிச் சோடா உப்புக் கரைசல் ஊற்றி ஊற வைத்தேன். உள்ளிருந்து சேறு வந்தது. வெளிப்பக்கத் தகடுகளுக்கு நடுவில் இருந்த பதரைத் துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு வரிசையாக எடுத்தேன். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதன் குழாயில் ஈரத்துணி சுற்றினேன். பானெட்டின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றி வைத்தேன். எஞ்சினின் சூடு வெளியேற அது உதவும்.

மீதி இருந்தது வேகம். ஃபர்ஸ்ட் கியரில், கிளட்ச்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி போகும் வேகம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் கிளட்ச்சைப் பாதி மிதித்தே ஓட்ட வேண்டும். பிளேட் கருகும். எனவே மனிதர்கள்தான் காருக்கு ஏற்ப நடக்க வேண்டும்.

காலனிக்குப் பின்னால் இருந்த களத்தில் ஒத்திகை வைத்தேன். அப்போது நடையில் மூன்று வகை உண்டு என்று தெரிந்துகொண்டேன்: வரப்பில் நடக்கும் நடை, பஸ்ஸைப் பிடிக்கும் நடை, தட்டு ஏந்திய நடை. முதல் இரண்டும் என் காருக்குச் சரி. மூன்றாவது ஆகாது.

"காரு நடைக்கு நாங்க நடக்கணுமா, எங்க நடைக்குக் காரு வரணுமா?" என்றார் அஞ்சலை. தலைக்கு மேல் காலித் தாம்பாளம்.

"காருக்கு இதுக்கு மேல மெதுவா வராதுக்கா."

"பண்ணை வூட்டுக் காருல்ல. அதுக்கு எப்பவும் நாமதான் நடையை மாத்திக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். "நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில இது சத்தம் கேட்டாலே எங்கம்மா எங்களைப் புடிச்சு வரப்புக்கு அந்தாண்ட தள்ளிடும். ரோட்டுல நிக்கப்படாது. ஆம்பளைங்க துண்டு தோள்லேருந்து இடுப்புக்கு வந்துடணும். இப்ப என்னடான்னா தட்டைத் தூக்கிக்கிட்டு அது பின்னாடி ஓடச் சொல்லுற."

"ஓட வேணாம்கா. கொஞ்சம் எட்டிப் போட்டா போதும்."

எட்டிப் போட்டார்கள். பெரிய தெருவின் நீளத்துக்குக் களத்தைச் சுற்றினோம். வண்டி கொதிக்கவில்லை. அஞ்சலையிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: காரில் எங்கே வேண்டுமானாலும் பூக் கட்டலாம், முன்பக்க ரேடியேட்டர் மேல் மட்டும் கூடாது. காற்று உள்ளே போகிற வாசல் அது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தங்கராசு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். பெரிய தெருவில் அவருக்கு மாமனார் வீடு. முதலாளிக்கு அந்தப் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒத்துவராது. ரகுநாதன் சார், "நான் ஓட்டுனா தெருவுக்கு அது வேற அர்த்தமாப் போயிடும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓட்டுகிறவர் என்று என் பெயரை நான் ஏற்கனவே மனதுக்குள் எழுதியிருந்தேன்.

6. பெரிய தெரு

சாயங்காலம் வெயில் சாய்ந்தபின் கிளம்பினோம். வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வரவில்லை. தரையிலிருந்து சூடு எழும்பிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கிளப்பக் கிராங்க் கம்பியோடு நான் முன்பக்கம் வந்தபோது, ரேடியேட்டர் மேல் ஒரு பெரிய சம்பங்கி மாலை தொங்கியது.

"அக்கா, இங்க வேணாம்னு சொன்னேனே."

அஞ்சலை குரலைத் தாழ்த்தினார். "அங்க என்ன இருக்குன்னு பாரு பாப்பா." மாலையைச் சற்று விலக்கிக் காட்டினார். ரேடியேட்டரின் நடுவில் பித்தளையில் வார்த்த இரண்டு எழுத்துகள். பண்ணைக் குடும்பத்தின் முதலெழுத்துகள். நான் அவற்றைப் பலமுறை பாலீஷ் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவற்றைப் படித்ததில்லை. "இந்த எழுத்துக்குப் பின்னாடியா எங்க புள்ள உக்காந்து போகணும்? ஒத்த மாலை. மறைச்சுட்டா போதும்."

ஒரு மாலை என்றால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தலையாட்டினேன்.

காலனியில் ஒரு பழக்கம் உண்டு. ஊர்வலம் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆரத்தி எடுத்து ஒரு மாலை போடுவார்கள். எந்த வீட்டு மாலையையும் மறுக்கக் கூடாது, ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றைப் போடவும் கூடாது. நான் ஸ்டீயரிங்கில் இருந்தேன். முதல் மாலை எங்கே கிடந்ததோ, அதன் மேலேயே அடுத்ததைப் போட்டார்கள். அரளி, சம்பங்கி, கனகாம்பரம், காகிதப்பூ. காலனி முடிந்து பெரிய தெருவில் திரும்பும்போது பானெட்டுக்கு முன்னால் ஒரு வைக்கோல் போர் அளவுக்குப் பூ இருந்தது. நிறுத்தி எடுக்க முடியாது. தெரு ஆரம்பித்துவிட்டது.

மேளம் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள். எங்கள் எஞ்சின் சத்தமும் பெண்களின் வளையல் சத்தமும்தான். சேகர் பின் சீட்டில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கலியபெருமாள் காரின் இடது பக்கம், துண்டு தோளிலேயே இருக்க, நடந்தார்.

தெருவில் பாதி போகும் முன்பே பூ வாசனை மாறியது. முதலில் சம்பங்கி வாசனை அதிகமாயிற்று. பிறகு அது வெந்த பூவின் வாசனையாக மாறியது. எந்த மீட்டரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. எஞ்சினில் கடகடவென்று ஒரு தட்டல் ஆரம்பித்தது. மாலைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

அஞ்சலை என் பக்கத்தில் நடந்து வந்தார். "அக்கா, மாலையை எடுங்க."

"ஒவ்வொண்ணும் ஒரு வூட்டு மாலை பாப்பா. நடுத்தெருவுல உருவிப் போடச் சொல்றியா? விளங்குமா?"

எடுத்தாலும் இனிப் பயனில்லை. கொதி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் எஞ்சின் தானாகவே இறுகி நிற்கும். நின்ற இடத்திலிருந்து அசையாது. அதற்கு முன் நானே அணைத்துவிட்டால் சக்கரமாவது சுழலும். டெல்டாவில் வண்டி தானாக உருளச் சரிவு என்று ஒன்று கிடையாது. ஆற்றங்கரையை விட்டால் எல்லாம் தாம்பாளம்போல் மட்டம். உருட்ட ஆள் வேண்டும்.

"அண்ணே" என்றேன், கலியபெருமாளைப் பார்த்து. "எஞ்சினை ஆஃப் பண்றேன். வண்டி நிக்கறதுக்குள்ள தள்ளணும். இப்பவே."

அவர் திரும்பி ஒரு கணம் ஆவியைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்தார். நான் நியூட்ரலில் போட்டு அணைத்தேன். வண்டியின் வேகம் குறைந்தது, குறைந்தது, நிற்கப் போகிறது என்று தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தபோது, மறுபடி நகர்ந்தது. அண்ணன் தம்பி முறைக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் முன்னால் போன ஆண்களில் பாதிப் பேர் திரும்பி வருவதற்குள் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக் காருக்குள் போட்டுவிட்டுத் தள்ள வந்துவிட்டார்கள். வாழைப்பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, புடவைத் தட்டு. மாப்பிள்ளை கழுத்துவரை சீர்வரிசையில் மூழ்கினான்.

"அத்தை, நானும் எறங்கித் தள்ளுறேன்."

"உக்காருடா. நீ எறங்குனா எல்லாம் எறங்குன மாதிரி. பழத்தை நசுக்காத."

எஞ்சின் அணைந்ததும் தெரு இன்னும் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் ஒரு வாசலிலிருந்து குரல் வந்தது. "காருல ஏறுனாலும் தள்ளத்தாண்டா எழுதியிருக்கு உங்களுக்கு."

சிரிப்புக் கேட்டது. அஞ்சலை தள்ளிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "தள்ளுறது எங்களுக்கு என்ன புதுசா. வெளைஞ்சதெல்லாம் நாங்க தள்ளிவுட்டுத்தான் உங்க வூட்டுக்கு வந்துச்சு. இது ஒண்ணாச்சும் எங்களுக்குன்னு தள்ளிக்கிறோம்."

அந்தச் சிரிப்பு நின்றது. இரண்டு மூன்று பேர் வாசற்படியிலிருந்து கீழே இறங்கினார்கள். சப்‌-இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். "வண்டி நின்னுருச்சு சார்" என்று ஒருவர் சொன்னார். "எங்கய்யா நின்னுச்சு? போவுதுல்ல. நீங்களும் பாக்குறீங்கல்ல" என்றார் அவர். அவர் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது. அந்த அலுப்புக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

ரகுநாதன் சாரின் வீடு தெருவின் கடைசியில். நாங்கள் அதைத் தாண்டும்போது அவர் செருப்புப் போடாமல் ஓடி வந்தார். என் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"மூடியைத் தொறந்துடாத. பச்சைத்தண்ணி ஊத்திடாத. வெடிச்சுடும்."

"தெரியும் சார்."

"தட்டல் எவ்வளவு நேரம் கேட்டுச்சு?"

"கொஞ்ச நேரந்தான்."

"கேஸ்கட்டோட போனா பரவால்ல."

இப்படியே கோயில் வாசல்வரை வந்தார். சங்கத்துக்காரர்கள், 'பண்ணையே எங்கள் ஊர்வலத்தில் நடந்தார்' என்று பிறகு சொன்னார்கள். பெரிய தெருக்காரர்கள், 'பண்ணையே நம்மைக் காட்டிக்கொடுத்தார்' என்றார்கள். அவர் காருக்காக மட்டும்தான் நடந்தார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

சேகர் கோயில் வாசலில் இறங்கினான். சட்டை முழுக்கச் சந்தனமும் வாழைப்பழமும். அவனுடைய அத்தை முந்தானையால் துடைத்துவிட்டார். உள்ளே போனார்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

7. புதிய நிபந்தனை

எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டோடுதான் சேதம் போயிருந்தது. அதைச் செம்புத் தகட்டில் வெட்டிச் செய்து போட்டேன். ஹெட் தப்பியது. சேகரும் மனைவியும் ஒருநாள் ஸ்கூட்டரில் வந்து முதலாளிக்கும் எனக்கும் பத்திரிகையில் சுற்றிய இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆவணியில் கலியபெருமாள் மறுபடி வந்தார். காலனியில் இன்னொரு கல்யாணம். சமாதானக் கூட்டமும் மறுபடி நடந்திருந்தது. பழைய நிபந்தனைகள் எல்லாம் அப்படியே. புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்.

"வண்டியைத் தள்ளக் கூடாதுங்குறாங்க" என்றார். "எஞ்சின்லதான் போகணுமாம். நிக்கவும் கூடாதாம், தள்ளவும் கூடாதாம். நாங்க சரின்னுட்டு வந்துட்டோம்."

"என்னைக் கேக்காமயாண்ணே?"

"கேட்டா நீ ஆவாதும்ப. அதான்."

இங்கே எனக்கு ஏற்பட்ட படிப்பினையைச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் பெண்களுக்காக. வண்டியின் குறைகளை எழுதும்போது வண்டி போகிற தெருவையும் அதே வரிசையில் எழுதுங்கள். 'இங்கே பூக் கட்டாதீர்கள்' என்று நான் சொன்னேன். ஆனால் அங்கே பூக் கட்ட அவர்களுக்கு என்ன காரணம் இருக்கும் என்று யோசிக்கவில்லை. காரணம் பலமாக இருந்தால் பூ வந்தே தீரும். அப்போது பூவோடு குளிர்கிற வண்டியைச் செய்வதுதான் நம் வேலை. ஒரு கல்யாணத்துக்குச் செய்தால் போதாது. அடுத்ததற்கும் செய்ய வேண்டும், அவர்கள் அடுத்த நிபந்தனையைக் கண்டுபிடிக்கும்வரை. இது அலுப்பான வேலை. அலுப்பாக இருக்கிறது என்பதால் வேலை தவறாகப் போகிறது என்று அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன், டைனமோ புல்லியிலிருந்து பெல்ட், தண்ணீரைத் தள்ள ஒரு சின்னப் பம்ப். முன்பக்கச் சட்டத்தில் இரண்டு துளை போட வேண்டும். ரேடியேட்டரின் கீழ்க்குழாயை வெட்ட வேண்டும். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். பழைய கார் வைத்திருப்பவர்கள் எதைப் பொறுத்தாலும் பொறுப்பார்கள், வண்டியில் புதிதாகத் துளை போடுவதை மட்டும் பொறுக்க மாட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ரகுநாதன் சார் ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிப்பவர்.

அவர் வீட்டுக்குப் போய் வரைபடத்தைக் காட்டினேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை. தெருக்காரர்கள் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"குழாயை வெட்டணுமா?"

"ஆமா சார். வேற வழி இல்ல. அப்புறம் இது ஒரிஜினல்னு சொல்ல முடியாது."

வரைபடத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ஒரிஜினலா இருந்தப்ப இது என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்மா. நான்தான் எங்கப்பா பக்கத்துல உக்காந்திருந்தேனே" என்றார். "வெட்டு."

மறுநாள் காலையில் வெட்டினேன்.